பனையேறியின் வலது கால்

எங்கள் நாஞ்சில்நாடு தமிழ்நாட்டோடு சேர்வதற்கு மூன்று நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நாங்கள் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தோம். நாகர்கோவிலுக்குத் தெற்கே, இராஜாக்கமங்கலம் பக்கம், முப்பது கட்டில் போட்ட ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக வேலை பார்த்தேன். எனக்கு இருபத்தைந்து வயசு. ஆஸ்பத்திரியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். தப்பு செய்தவள் நான். அது தெரிந்தால் போதும்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியில் நிற்கும். அதனாலோ என்னவோ, ஆண்கள் வார்டில் பீடியை நிறுத்தும் வேலையைப் பெரிய டாக்டர் என் தலையில் கட்டினார். பன்னிரண்டு கட்டிலில் பாதிப் பேருக்கு இளைப்பு, நெஞ்சுச் சளி. இருமி இருமிக் கண் பிதுங்கும். இருமல் நின்றதும் கை தலையணைக்கு அடியில் போகும். தலையணை உறைக்குள், கஞ்சிப் பாத்திரத்துக்குள், கைக்கட்டுத் துணிக்குள் என்று அவர்கள் பீடியை ஒளிக்காத இடமில்லை. நான் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, அவர்கள் கண் முன்னாலேயே தண்ணீர் வாளியில் போடுவேன். பீடிப் போலீஸ் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் பீடியைப் பிடுங்கினால் மட்டும் ஆள் அடங்க மாட்டான் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. கை நடுங்கும், எரிந்து விழுவான், கஞ்சியைத் தள்ளிவிடுவான், கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கே போய்விடுவான். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட இருக்கிற பெண்டாட்டியையோ அக்காளையோ தனியே கூப்பிட்டு, "பீடி கேட்டா ஒரு வெத்தல மடிச்சுக் குடு. ஒரு கிள்ளு பொயல வச்சுக் குடு, சத்தம் காட்டாம இருப்பாரு" என்பேன். பொயலை என்றால் எங்கள் பக்கத்தில் புகையிலை. எங்கள் ஆஸ்பத்திரியில் வெற்றிலை போடக்கூடாது என்று சட்டம். சுவரெல்லாம் துப்பி வைக்கிறார்கள் என்று போட்டது. அதனால் கிணற்றுக்குப் பின்னால் போய்த் துப்பவும், டாக்டர் வருவதற்குள் வாய் கொப்பளிக்கவும் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

இதில் எனக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. கல்யாண வீட்டுத் தட்டத்தில் வெற்றிலைக்குப் பக்கத்திலேயே புகையிலை இருக்கும். பிள்ளை பெற்றவள் போடுவாள், பல்வலிக்காரன் ஒதுக்கிக்கொள்வான், நாற்று நடுகிற பெண்கள் இடுப்பில் சொருகி வைத்திருப்பார்கள். புகைதான் விஷம், நெஞ்சைக் கெடுப்பது அதுதான் என்று நான் நினைத்தேன். இளைப்புக்காரர்களுக்கு என் வைத்தியம் பலிக்கவும் செய்தது. புகை நின்றதும் இருமல் குறைந்தது. பெரிய டாக்டர் ஒருநாள் மற்ற நர்ஸுகள் முன்னால், "பீடிய நிறுத்துகதுக்கு இவள விட்டா ஆளில்ல" என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா! எப்படி நிறுத்தினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போது மாசி மாதத்தில் அந்தப் பனையேறி வந்தார். கடற்கரைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஆள். நாற்பது வயசு இருக்கும். மாட்டுவண்டியிலிருந்து இறங்கும்போது வலது காலைத் தரையில் ஊன்றவே இல்லை. பெண்டாட்டி தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, பாதமோ ஜில்லென்று இருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தது. சுண்டுவிரல் நுனி மட்டும் கன்னங்கரேலென்று கறுத்துக் கிடந்தது.

காலையும் மாலையும் சேர்த்து முப்பது பனை ஏறுகிறவர். ஏறுமுன் ஒரு பீடி, இறங்கினால் ஒரு பீடி. முதலில் ஏறும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்ததாம். அப்புறம் நடந்தாலே பிடித்ததாம். இப்போது சும்மா இருந்தாலும் நோவு. படுத்தால் கூடுகிறது என்று, கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டபடியே இருப்பார். அப்படியே தூங்கியும் விடுவார்.

பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு, நோயாளி, பெண்டாட்டி, நான் என்று எங்கள் மூன்று பேரிடமும் சொன்னார். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டே வருகிறது, ரத்தம் போகாத இடம் செத்துப்போகிறது, இது பீடியால் வருவது. "பீடிய இன்னையோட விட்டா காலு பிழைக்கும். விடல்லேன்னா முட்டுக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இவர உன்கிட்ட விடுகேன் மக்ளே."

வாளியை எடுத்துக்கொண்டு நான் போவதற்குள், அந்த மனுஷன் மடியிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் தானே எடுத்து நீட்டினார். "இந்தாங்க நர்ஸம்மா. ஏழு வயிறு இந்தக் காலுலயாக்கும் நிக்குகு" என்றார். அவர், பெண்டாட்டி, நாலு பிள்ளைகள், வயசான தாய். பனையில் சொட்டுகிற அக்கானியை இறக்கிக் காய்ச்சினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். பருவமோ அப்போதுதான் தொடங்கியிருந்தது.

வழக்கம்போல அவர் பெண்டாட்டியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு என் வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவளும் வெற்றிலை போடுகிறவள்தான். இடுப்பிலேயே ஒரு தகர டப்பி. சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

இரண்டாம் வாரம் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தபோது பக்கத்து விரலும் கறுத்திருந்தது. டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "யாரோ இவருக்குப் பீடி குடுக்காவ" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. என் வார்டில், என் கண் முன்னால்! டாக்டர் அந்தப் பக்கம் போனதும் பாயை உதறினேன், தலையணையைப் பிரித்தேன், அவர் வேட்டி மடிப்பைக்கூட விடவில்லை. ஒரு துண்டுப் பீடி அகப்படவில்லை. அகப்படாததும் இன்னும் கோபம் வந்தது.

"உள்ளதச் சொல்லும். எங்க வச்சிருக்கீரு?"

"நர்ஸம்மா, என் பிள்ளையளாண. இந்த வாசல் மிதிச்ச பிறகு நான் பீடி தொடல்ல" என்று அவர் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

நான் சிரித்தேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். "இந்த மாதிரிச் சத்தியம் இங்க தினம் நாலு கேக்குகேன்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அவர் கையை இறக்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு அவர் பெண்டாட்டி மேல் பாய்ந்தேன். இரக்கப்பட்டு நீதான் கொடுத்திருப்பாய், உன் இரக்கம் அவர் காலைத் தின்றுவிடும், வீட்டுக்குப் போ, நான் சொல்லி அனுப்பும்வரை இந்தப் பக்கம் வராதே என்றேன். "அவிய பீடியே தொடல்லம்மா, நான் கூடவேதானே இருக்கேன்" என்று அவள் அழுதாள். நான் காதில் வாங்கவில்லை. அவள் தன் மூட்டையையும் டப்பியையும் எடுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

முதல் மூன்று நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வியர்த்துக் கொட்டியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். ஒரு வெற்றிலையாவது தாருங்கள் என்று ஒருமுறை கேட்டார். மடித்துத் தர ஆளில்லை, சும்மா இரும் என்று நான் கடுகடுத்ததும் அப்புறம் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நோவுக்கான ஊசி கேட்கவில்லை. எட்டாம் நாள் ராத்திரி காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். பத்தாம் நாள் பாதத்தில் கை வைத்தேன், வெதுவெதுப்பு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் விரல் நுனியோடு நின்றுவிடும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. திருடியைப் பிடித்துத் துரத்தியாயிற்று, வியாதி இறங்கிவிட்டது, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வார்டு நடுவில் நின்று, "பாத்தியளா?" என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெண்டாட்டியை வரச் சொன்னேன். மூட்டையை உதறிச் சோதித்துத்தான் உள்ளே விட்டேன். ஒரு சேலை, ஒரு துவர்த்துத் துண்டு, அந்தத் தகர டப்பி, பீடி இல்லை. டப்பியைக் கண்டதும் அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கே பாவமாகிவிட்டது. பத்து நாள் நல்ல பிள்ளையாக இருந்ததற்கு நானே தருகிறேன் என்று, வெற்றிலையில் நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, புகையிலையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே கிள்ளி வைத்து மடித்து, என் கையால் கொடுத்தேன். வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஊசி கேட்டார்.

மறுநாள் பாதம் மறுபடி குளிர்ந்தது. அன்றைக்கே மறுபடி காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எனக்குப் பைத்தியம் பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தடவை விடப்போவதில்லை என்று அவர் கட்டில் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மற்ற வேலையை முடித்துக்கொண்டு ஓடி ஓடி வந்து உட்காருவேன். சாப்பாடும் அங்கேயே. அவள் கிணற்றடிக்குப் போனால் நானும் பின்னால் போனேன். பார்க்க வந்த சொந்தக்காரர் கையைக்கூட மோந்து பார்த்தேன். என் ஷிப்டு முடிந்தால் அடுத்த நர்ஸை உட்கார வைத்துவிட்டுத்தான் போவேன். ஐந்து நாள், பீடி என்கிற சாமான் அந்தக் கட்டில் பக்கமே வரவில்லை. அது எனக்கு நிச்சயம். ஆனால் கால் செத்துக்கொண்டு வந்தது. நீலம் புறங்காலைத் தாண்டிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்தார். இனி வைத்துக்கொண்டிருந்தால் விஷம் உடம்பில் ஏறிவிடும், நாளைக்குக் காலையில் முட்டுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். அந்த மனுஷன் அழவில்லை. தன் காலைப் பார்த்துவிட்டு, "ஒத்தக் காலுல பனை ஏறின ஆளு உண்டுமா டாக்டரையா?" என்று கேட்டார். டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்பமாவது நம்புகியளா? அஞ்சு நாளும் நீங்கதானே காவலு."

இவர் பீடி குடிக்கவில்லை. அப்படியானால் முன்பும் குடித்திருக்க மாட்டார். அப்படியானால் இந்தக் கால் ஏன் இப்படிப் போகிறது? அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வியோடு அலைந்தேன்.

சனிக்கிழமை காலை ஆப்பரேஷனுக்கு அவரைத் தயார் செய்ததும் நான்தான். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ரோமம் மழித்து, முட்டுவரை அயோடின் பூசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஸ்ட்ரெச்சரை ஆப்பரேஷன் அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும், அவர் மெதுவாகப் பெண்டாட்டியிடம் என்னவோ கேட்டார். அவள் டப்பியைத் திறந்தாள். ஒரே ஒரு வெற்றிலை, வாய் வறண்டு போகிறதாம் என்று என் முகத்தைப் பார்த்தாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் வாயில் ஒன்றும் படக்கூடாது என்று நான் தடுத்தேன்.

அவள் புருஷன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நான் இல்லாத பத்து நாளும் இது இல்லாமத்தானே கெடந்திய. இன்னும் ஒரு மணிக்கூறு கெடக்க மாட்டியளா?"

பத்து நாள். அந்தப் பத்து நாளில்தான் கால் சூடு வந்தது, ஊசி வேண்டாம் என்றார், நீட்டிப் படுத்தார். அந்தப் பத்து நாளும் இல்லாதது பீடி அல்ல. பீடி அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இல்லாதது அந்த டப்பி. ஞாயிற்றுக்கிழமை பகலில் டப்பி வந்தது, சாயங்காலம் ஊசி கேட்டார். அப்புறம் ஐந்து நாளும் அவள் மடித்துக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உள்ளே ஓடினேன். டாக்டர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். மற்றொரு நர்ஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஐயா, காலைக் கெடுக்குகது பீடிப் பொகையா, பொயலையா?" என்று கேட்டேன்.

"பொயலைதான். பொகையோட போனாலும் சாறோட போனாலும் ஒண்ணுதான். ஏன் கேக்க?"

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிச் சட்டத்தை மீறி, டாக்டருக்குத் தெரியாமல், நோயாளிக்கு நானே கொடுத்தது என்று தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். சொல்லாவிட்டால்? கால் போகும், ஆள் வீட்டுக்குப் போவார். பீடிக்காரனுக்குக் கால் போயிற்று என்று ஊர் சொல்லும். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, இவருக்குப் பொயலை குடுக்கச் சொன்னது நான். ஞாயிற்றுக்கிழமை என் கையாலயே மடிச்சுக் குடுத்தேன். அந்தப் பத்து நாள் மட்டும் பொயலை குடுக்கல்ல. அப்பம்தான் நல்லா வந்தது."

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேரே வெளியே வந்தார். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்து, அந்தக் கணுக்காலில் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். நிமிர்ந்து சொன்னார்: "நாடி கொஞ்சம் கெடக்கு. ஒரு வாரம் பாக்கலாம். ஆனா காய்ச்சல் வந்தா அந்த நிமிஷமே வெட்டணும், இல்லேன்னா உயிர் போகும்." பிறகு என்னைப் பார்த்து, "எனக்கிட்டச் சொன்னது போதாது. அவருகிட்டச் சொல்லு" என்றார்.

வார்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பாதியில் அழுகை வந்து, துடைத்துவிட்டு மறுபடி சொன்னேன். அவர் பெண்டாட்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் வலது கையைச் சுவரில் அடித்தாள். "இந்தக் கையாலல்லா மடிச்சு மடிச்சுக் குடுத்தேன்" என்று அடித்தாள். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ இல்லை, நான் சொல்லித்தான் கொடுத்தாய் என்று எத்தனை தடவை சொன்னேனோ, அவள் கேட்கிற நிலையில் இல்லை.

அவர் படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"நீங்க அறியாமச் செய்ததாக்கும், அது போகட்டு. நான் பிள்ளையளாண சத்தியம் பண்ணும்போ நீங்க சிரிச்சியளே நர்ஸம்மா. காலு நோவ விட அதுல்லா நோவுச்சு."

அந்த ஒரு வாரம் போல ஒரு வாரம் என் ஆயுசில் இல்லை. அவர் பெண்டாட்டி அன்றைக்கே டப்பியில் இருந்ததைக் கிணற்றுக்குப் பின்னால் வாழை மூட்டில், வேரடியில், கொட்டினாள். பன்னிரண்டு வயசிலிருந்து போடுகிறவள். வாசனை பட்டால் அவருக்கு ஆசை வரும் என்று தானும் விட்டுவிட்டாள். தலைவலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வார்டில் எல்லாருக்கும் வெற்றிலையை நிறுத்தினேன். முணுமுணுத்தார்கள். இந்தத் தடவை நான் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு வாய் ஊறும்போதெல்லாம் ஒரு கிராம்போ, சுக்குத் துண்டோ, கருப்பட்டிச் சில்லோ கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். இரண்டாம் நாள் அவருக்கே பொறுக்காமல், "பீடிய வாளியில போட்டிய, வெத்தலைய வாழை மூட்டுல போட்டிய. இனி எனக்க வாயில என்னத்த? மண்ணையா?" என்று கத்திச் சுக்கைத் துப்பினார். வார்டே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்தான் சிரிக்கப் பயந்தேன்.

நாலாம் நாள் பகல் மூன்று மணிக்குத் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். நூற்றொன்று. மறுபடி உதறி வைத்தேன். நூற்றொன்று. அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். என் கையைப் பிடித்தார். கெஞ்சினார். டாக்டரிடம் சொல்லாதீர்கள், நாளைக்கு இறங்கிவிடும், கால் சூடாகத்தானே இருக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்றார். "ஒரு தப்பு எனக்குச் செய்தியல்லா, அதுக்குப் பதிலா இந்த ஒண்ணு செய்யுங்கோ" என்றார். எதைக் கேட்டாலும் மறுக்க முடியாத இடத்தில் நான் நின்றேன். ஆனால் இவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாமல் ஒரு நல்லது செய்யப்போய்த்தான் இந்தக் கால் இப்படிக் கிடக்கிறது. கையை விடுவித்துக்கொண்டு ஓடினேன். "சண்டாளி" என்று அவர் சொன்னது முதுகில் கேட்டது.

டாக்டர் கட்டை அவிழ்த்து மோந்து பார்த்தார். முட்டுவரை அமுக்கிப் பார்த்தார், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஆப்பரேஷன் அறையில் அடுப்பை மூட்டச் சொன்னார். கருவிகளைக் கொதிக்க வைக்க. அவர் பெண்டாட்டி கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எதையோ நினைத்துக்கொண்டவர் போல, அவரைக் குப்புறத் திருப்பச் சொன்னார். காலில் சீழ் பிடிக்காமலிருக்கப் பென்சிலின் ஊசி போட்டுவந்த இடத்தில், இடுப்புக்குக் கீழே, எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்து சீழ் கோத்திருந்தது. தொட்டதும் துள்ளினார். டாக்டர் அங்கேயே கீறிவிட்டார். மறுநாள் காலை காய்ச்சல் இல்லை. காலுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை.

எட்டாம் நாள் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தேன். கடைசித் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புநீர் விட்டு விட்டு எடுத்தேன். கறுப்பு இரண்டு விரலோடு நின்றிருந்தது. கோடு கிழித்தது போல அதற்கு இந்தப் பக்கம் ரோஜா நிறத்தில் சதை. டாக்டர் என் கையை எடுத்து அந்தப் பாதத்தின் மேல் வைத்தார். சூடு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த மனுஷன், "எதுக்கு இப்பம் அழுகிய? நான் ஏறப்போற பனைக்கா?" என்றார்.

சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போயின. கால் நின்றது. எனக்கு வேலையும் போகவில்லை. இரண்டு மாதம் வார்டிலிருந்து மருந்தறைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வைகாசியில் ஒருநாள் அவர் தானாக நடந்து வந்தார், லேசாகச் சாய்ந்து. இனிமேல் பனை ஏறலாமா என்று டாக்டரிடம் பவ்யமாகக் கேட்டார். கொஞ்ச மாதம் போகட்டும் என்றார் டாக்டர். "பதினஞ்சு நாளா ஏறுகேன் ஐயா, சும்மா ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்னு வந்தேன்" என்றார் அந்த ஆள். டாக்டருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பீடி, வெற்றிலை, ஒன்றும் தொடுவதில்லை என்று அவர் சொன்னார். நான் நம்பினேன். கேட்டவுடனே நம்பினேன்.

அதன்பிறகு முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன். எத்தனையோ பேரைப் பீடியிலிருந்தும் வெற்றிலையிலிருந்தும் மீட்டிருக்கிறேன், தோற்றும் போயிருக்கிறேன். ஒரு நோயாளி என் முகத்தைப் பார்த்து, நான் செய்யவில்லை என்று சொல்லும்போது, அவர் என்ன செய்தார் என்று தேடப்போவதற்கு முன்னால், நான் என்ன செய்தேன் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் கொடுத்த விலை என்னுடையதல்ல, அந்த மனுஷனின் இரண்டு விரல்.